மஞ்சள் புதிது, நோய் பழையது: ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸில் உடல் பரிசோதனை காட்டியவை

இது பயிற்சி மருத்துவர்களுக்காக எழுதும் நிகழ்வு ஆய்வு. ஒரே நோயாளியின் கதை போல இருந்தாலும், இதே நோயில் வழக்கமாகக் காணும் விவரங்களைச் சேர்த்து அமைத்தது. ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ் (உடலின் நோயெதிர்ப்பே கல்லீரலைத் தாக்கும் அழற்சி) என்றதும் எல்லாரும் ஆன்டிபாடி பட்டியலைத்தான் ஒப்பிப்பார்கள். பரிசோதனை மேசையில் என்ன தெரியும் என்று கேட்டால், "குறிப்பாக எதுவும் இல்லை" என்று பதில் வரும். நோயின் பெயரைச் சொல்லும் தனி அடையாளம் உடலில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நோய்க்கு எவ்வளவு காலம் ஆகிறது என்பதை உடல் சொல்லிவிடும். இந்த நோயில் சிகிச்சையின் பாதி முடிவுகள் அதை வைத்துத்தான் அமைகின்றன.

வந்த விதம்

38 வயதுப் பெண். மூன்று வாரமாகக் கண்ணில் மஞ்சள், சிறுநீர் அடர்நிறம், பசியில்லை, படுத்தால் எழ முடியாத அசதி. காய்ச்சலோ வயிற்று வலியோ இல்லை. கையில் இருந்த பரிந்துரைக் கடிதத்தில் "அக்யூட் ஹெபடைடிஸ், வைரஸ் பரிசோதனைகள் நெகட்டிவ்" என்று இருந்தது; அதாவது புதிதாக, திடீரென வந்த கல்லீரல் அழற்சி. காமாலை நிறமியான பிலிருபின் 7.8 மி.கி., கல்லீரல் நொதிகளான ஏஎஸ்டி 642, ஏஎல்டி 518. இந்த எண்களை மட்டும் பார்த்தால் யாரும் அதே பெயரைத்தான் எழுதியிருப்பார்கள்.

மது இல்லை. ரத்தம் ஏற்றியதில்லை. மினோசைக்ளின், நைட்ரோஃபுரன்டாயின் இரண்டையும் பெயர் சொல்லியே கேட்டோம். இந்த நோயை அச்சாக ஒத்த கல்லீரல் அழற்சியை இந்த மருந்துகள் உண்டாக்கும். நோயாளிகளோ பருவுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் வாங்கிய மாத்திரையைக் கல்லீரலோடு சேர்த்துப் பார்க்க மாட்டார்கள். இரண்டும் எடுத்ததில்லை. மூலிகைப் பொடி, உடல் எடைக்கான கலவை எதுவும் இல்லை. ஆறு ஆண்டுகளாகத் தைராய்டு குறைவுக்கு மாத்திரை. நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை.

மூட்டு வலி உண்டா என்று கேட்டபோதுதான் அடுத்த தகவல் வந்தது. "ஏழெட்டு மாசமாவே காலையில விரல் மடங்க மாட்டேங்குது டாக்டர். அதுக்கும் மஞ்சளுக்கும் என்ன சம்பந்தம்னு நான் சொல்லல." மூன்று வார நோய் அந்த இடத்திலேயே எட்டு மாத நோயாக மாறிவிட்டது.

கண்

காமாலை பார்ப்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டாம் என்று நினைக்கிறோம். வார்டின் குழல்விளக்கு வெளிச்சத்தில் லேசான மஞ்சள் தப்பிவிடும். ஜன்னலோரம் உட்கார வைத்து, கீழே பார்க்கச் சொல்லி, மேலிமையை உயர்த்த வேண்டும். வெளியே தெரியும் வெண்விழிப் பகுதியில் சிலருக்குப் பழுப்பு நிறமி படிந்திருக்கும். ஓரத்தில் கொழுப்பும் மஞ்சளாகத் தெரியும். இமைக்கடியில் இருக்கும் பகுதி அப்படி ஏமாற்றாது. அங்கேயும் சீராக மஞ்சள் இருந்தால் அது காமாலை. பிலிருபின் சுமார் 3 மி.கி. தொட்டால்தான் கண் அதைக் காட்டும். இவருக்கு நாக்கின் அடியிலும் மஞ்சள் தெளிவாக இருந்தது.

இமையோரத்தில் கொழுப்புப் படிவு இல்லை. கருவிழி ஓரத்தில் வளையம் எதுவும் வெறுங்கண்ணுக்குத் தெரியவில்லை. அதோடு விடக்கூடாது. நாற்பது வயதுக்குள் காரணம் தெரியாத கல்லீரல் நோய் என்றால் வில்சன் நோய் (உடலில் செம்பு சேரும் பரம்பரை நோய்) மனதில் இருக்க வேண்டும். பழுப்புக் கருவிழியில் அந்தச் செம்பு படிந்த கைசர் ஃபிளைஷர் வளையத்தை டார்ச் வெளிச்சத்தில் பார்த்து "இல்லை" என்று எழுதுவதற்கு மதிப்பில்லை. பிளவு விளக்கில் கண் மருத்துவர் பார்த்து இல்லை என்றார். அதைத்தான் குறிப்பில் எழுதினோம்.

கை

இந்த நோயாளியிடம் அதிக நேரம் கையில்தான் செலவானது. அதற்குப் பலனும் கிடைத்தது.

கருத்த தோலில் உள்ளங்கைச் சிவப்பு தெரியாது என்று பலர் பார்க்காமலேயே விடுகிறார்கள். உள்ளங்கையில் நிறமி குறைவு, பார்த்தால் தெரியும். கட்டைவிரல் மேடும் சுண்டுவிரல் மேடும் சிவந்து, கையின் நடுக்குழி வெளுத்திருப்பதே வழக்கமான வடிவம். பரிசோதிப்பவர் தன் உள்ளங்கையை அருகில் வைத்துப் பார்ப்பது நல்ல உத்தி. இவருடைய இரு கைகளிலும் மேடுகள் தெளிவாகச் சிவந்திருந்தன. அழுத்தினால் வெளுத்து உடனே சிவந்தன. நகங்கள் பெரும்பாலும் வெள்ளையாக, நுனியில் மட்டும் மெல்லிய இளஞ்சிவப்புப் பட்டையோடு இருந்தன. நகம் இப்படி மாறுவதற்கு வாரங்கள் போதாது.

விரல்களின் நடு மூட்டுகளை அழுத்தினால் வலித்தது. வீக்கம் இல்லை, சூடு இல்லை, பிடிப்பு வலுவாக இருந்தது. ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸில் வரும் மூட்டு வலி பெரும்பாலும் இப்படித்தான்: வலி சொல்வார்கள், மூட்டு பார்க்க நன்றாகவே இருக்கும். மூட்டுறை தடித்து மெத்தென்று இருந்தால் முடக்குவாதமும் கூட இருக்கிறதா என்று தனியாகத் தேட வேண்டும். டூபுட்ரன் சுருக்கம் (உள்ளங்கை நார் சுருங்கி விரல் மடங்கிப்போவது) இல்லை, விரல் நுனி பருக்கவில்லை, விரல் தோல் இறுகவில்லை.

கையை நீட்டி, மணிக்கட்டைப் பின்னுக்கு மடக்கி, விரல்களை விரித்து அரை நிமிடம் வைக்கச் சொன்னோம். கல்லீரல் செயலிழந்து மூளையைப் பாதிக்கும்போது கை இறக்கை அடிப்பது போல ஆடும் நடுக்கம் (asterixis) இல்லை. 1949-இல் ஆடம்ஸும் ஃபோலியும் விவரித்த இந்தச் சோதனையைச் சேர்ந்த முதல் நாளில் மட்டும் செய்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை. திடீரென மோசமாகும் ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸில் நேற்று இல்லாத நடுக்கம் இன்று வந்தால், நோயாளியைக் கல்லீரல் மாற்று மையத்தோடு பேசவேண்டிய பட்டியலுக்கு அது மாற்றிவிடும். அதனால் காலையும் மாலையும் பார்த்தோம்.

தோல்

மேல் மார்பிலும் தோள்களிலும் புறங்கையிலுமாக ஒன்பது சிலந்தி நாளப் புள்ளிகள். கருத்த தோலில் இவை பாடநூல் படம் போல இருக்காது. மச்சம் என்று தோன்றும் கருஞ்சிவப்புப் பொட்டாக இருக்கும். பேனா முனையால் நடுப்பொட்டை மட்டும் அழுத்தினால் சுற்றிலும் பரவிய மெல்லிய கோடுகள் மறையும். எடுத்தால் நடுவிலிருந்து வெளியே நோக்கி மீண்டும் நிரம்பும். கண்ணாடிச் சில்லை வைத்து லேசாக அழுத்தினால் நடுத்தமனி துடிப்பதையும் சில நேரம் பார்க்கலாம். இந்த நிரம்பும் திசையைப் பார்க்காமல் சிலந்திப் புள்ளி என்று எழுதக் கூடாது. தோல் இறுகும் நோயில் உதட்டிலும் முகத்திலும் வரும் நாள விரிவுகள் தட்டையாக, பாய் விரித்தது போல இருக்கும். அவை நடுவிலிருந்து நிரம்புவதில்லை. அந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் அந்த நோய் பித்தநாள வகை ஆட்டோ இம்யூன் நோயான பிபிசியோடு (PBC) சேர்ந்து வரக்கூடியது.

ஒன்றிரண்டு சிலந்திப் புள்ளிகள் நலமான பெண்களிடமும் குழந்தைகளிடமும் உண்டு. கர்ப்பத்தில் நிறைய வரும், உள்ளங்கையும் சிவக்கும். நான்கு மாதமாக மாதவிடாய் இல்லாத ஒருவரிடம் இந்த இரண்டையும் கண்டால் கல்லீரலைப் பற்றி முடிவு கட்டும் முன் செய்ய வேண்டியது கர்ப்பப் பரிசோதனை. செய்தோம், நெகட்டிவ். நாட்பட்ட கல்லீரல் நோயிலேயே மாதவிடாய் நின்றுபோகலாம். 1950-இல் ஸ்வீடனின் யான் வால்டென்ஸ்ட்ரோம் இந்த நோயை விவரித்தபோதே காமாலை, ரத்தத்தில் உயர்ந்த காமா குளோபுலின் இவற்றோடு மாதவிடாய் நின்றுபோன இளம்பெண்களைத்தான் சொன்னார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மாதவிடாயைக் கேட்காமல் எழுதப்படும் காமாலைக் குறிப்புகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

வலது கணுக்காலுக்கு மேலே, புடவை மறைக்கும் இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு வெண்படை. நோயாளி அதைச் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தைராய்டு சுரப்பி சற்றே பெரிதாகக் கெட்டியாக இருந்தது. வெண்படையும் தைராய்டும் கல்லீரல் நோய்க்குச் சான்று அல்ல. ஆனால் தன் உடலையே தாக்கும் நோய்கள் ஒருவரிடம் கூட்டமாக வரும் இயல்புடையவை. ஏற்கெனவே இரண்டு இருக்கும் வீட்டில் மூன்றாவதைத் தேடுவதுதான் முறை. இந்த நேரத்தில் சீலியாக் நோய்க்கும் (கோதுமைப் புரதம் ஒவ்வாத குடல் நோய்) சர்க்கரைக்கும் சேர்த்து ரத்தம் எடுத்தோம்.

சொறிந்த கீறல்கள் இல்லை. பிபிசியில் அரிப்பு முந்திக்கொண்டு வரும். கை எட்டாத நடு முதுகு மட்டும் தெளிவாக இருக்க, மற்ற இடமெல்லாம் கீறலும் கருமையுமாக இருக்கும். அதைப் பார்க்க முதுகைத் திறந்து பார்க்க வேண்டும். பார்த்தோம், எதுவும் இல்லை. வாய் வறட்சி, கண் வறட்சி இல்லை. இன்னொரு பித்தநாள நோயான பிஎஸ்சியில் (PSC) உடல் பரிசோதனை முழுதும் இயல்பாகவே இருக்கலாம். அங்கே குடல் பற்றிய கேள்விதான் துப்பு தரும், ஏனெனில் அந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்குக் குடல் அழற்சி நோய் கூடவே இருக்கும். இவருக்கு மலத்தில் ரத்தமோ நாட்பட்ட பேதியோ இருந்ததில்லை.

வயிறு

வயிற்றுக்குப் போகும் முன் கழுத்து நாளம். அது உயர்ந்திருந்தால் கல்லீரல் வீக்கத்துக்கும் வயிற்று நீருக்கும் இதயமோ இறுகிய இதய உறையோ காரணமாக இருக்கலாம். உயரவில்லை. வயிற்றுத் தோலிலும் விலாப் பக்கத்திலும் முதுகிலும் புடைத்த நாளங்கள் இல்லை.

கல்லீரலின் வலது மடல் விலா எலும்புக்குக் கீழே தட்டுப்படவில்லை. தட்டிப் பார்த்து அளந்தபோது காறை எலும்பு நடுக்கோட்டில் அதன் உயரம் 7 செ.மீ. மட்டுமே. ஆனால் நெஞ்செலும்பு முனைக்குக் கீழே நடுக்கோட்டில் 3 செ.மீ. அளவுக்கு இடது மடல் கையில் பட்டது. கெட்டி, வலியில்லை, விளிம்பு ஒரே சீராக இல்லை. புதிதாக வந்த வைரஸ் ஹெபடைடிஸில் கல்லீரல் சற்றே பெருத்து, மென்மையாக, தொட்டால் வலிக்கும். வலது சுருங்கி இடது வளர்ந்த கல்லீரல் சிரோசிஸை (கல்லீரல் நார்த்திசுவாகி முடிச்சு முடிச்சாக இறுகுவது) நோக்கிக் கை காட்டுகிறது.

மண்ணீரலை வலது அடிவயிற்றிலிருந்து தொடங்கித் தேட வேண்டும். இடது விலாவுக்குக் கீழே நேராகக் கையை வைப்பவர்கள் பெரிய மண்ணீரலின் மேலேயே கையை வைத்துக்கொண்டு இல்லை என்பார்கள். இவருக்கு மல்லாந்த நிலையில் தட்டுப்படவில்லை. இடது கீழ் விலாக்களின் மேலுள்ள டிராபே பகுதியைத் தட்டியபோது, காலையில் ஒன்றும் சாப்பிடாத நிலையிலும், சத்தம் மந்தமாக இருந்தது. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடது கையால் பின் விலாவை முன்னுக்குத் தள்ளி, ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னதும் 2 செ.மீ. மண்ணீரல் கெட்டியாக விரல் நுனியைத் தொட்டது. சாதாரண வைரஸ் ஹெபடைடிஸிலும் சிலருக்கு மண்ணீரல் முனை மென்மையாகத் தட்டுப்படலாம். ஆகவே இது தனியாக எதையும் நிரூபிக்காது. சிலந்திப் புள்ளிகளோடும் சுருங்கிய வலது மடலோடும் சேரும்போது அதன் பொருள் வேறு.

வயிற்று நீரைக் காட்டும் இடம் மாறும் மந்த ஒலி இல்லை. ஒரு லிட்டருக்கும் குறைவான நீரைக் கையால் கண்டுபிடிப்பது கடினம், ஆகவே நீர் இல்லை என்று எழுதாமல், கைக்குத் தெரியவில்லை என்று எழுதினோம். காலில் வீக்கம் இல்லை.

எண்கள் வருவதற்கு முன் எழுதிய முடிவு

ஆன்டிபாடி முடிவுகள் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் குறிப்பில் இப்படி எழுதினோம்: "நாட்பட்ட கல்லீரல் நோய், பெரும்பாலும் சிரோசிஸ், போர்ட்டல் நாளத்தில் (குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் கல்லீரலுக்குப் போகும் நாளம்) அழுத்த உயர்வுடன், அதன் மேல் புதிதாகப் பொங்கிய அழற்சி. தைராய்டு, வெண்படை, மூட்டு வலி இருப்பதால் ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ் முதல் ஐயம். வில்சன் நோய், மருந்து, கல்லீரல் நாள அடைப்பு விலக்கப்பட வேண்டும்."

ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே சிரோசிஸ் வந்திருக்கும். நோய் ஓசையில்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓடி, அழற்சி திடீரெனப் பொங்கும்போது மஞ்சளாக வெளியே தெரிகிறது. நோயாளிக்கும் பரிசோதனைக் கூடத்துக்கும் தெரிவது அந்தத் திடீர்ப் பொங்குதல் மட்டும்தான்.

பரிசோதனைகள்

மொத்தப் புரதம் 8.9, அல்புமின் 2.9. கழித்தால் குளோபுலின் 6.0, மிக உயர்வு. மற்ற முடிவுகளுக்காகக் காத்திருக்காமலே, ஒரு சாதாரண கல்லீரல் பரிசோதனைத் தாளிலேயே, இந்தக் கழித்தல் நோயை முக்கால்வாசி சொல்லிவிட்டது. குளோபுலினில் முக்கிய ஆன்டிபாடி வகையான ஐஜிஜி 3,240 மி.கி., அதாவது இயல்பின் மேல் வரம்பைப் போல இரண்டு மடங்கு. இந்த நோயில் தேடும் ஆன்டிபாடிகளில் ஏஎன்ஏ 1:320, எஸ்எம்ஏ 1:160, எல்கேஎம் நெகட்டிவ்; பிபிசிக்கான ஏஎம்ஏவும் நெகட்டிவ். ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் 138 மட்டுமே. பித்தநாள நோய்க்கு இது போதாது. தட்டணுக்கள் 92,000. ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 1.5. ஹெபடைடிஸ் ஏ, பி, சி, இ நான்கையும் மறுபடி பார்த்தோம், இல்லை. வில்சன் நோய்க்காகப் பார்த்த செருலோபிளாஸ்மின் (செம்பைச் சுமக்கும் புரதம்) இயல்பு.

அல்ட்ராசவுண்டில் கரடுமுரடான கல்லீரல், 14 செ.மீ. மண்ணீரல், கல்லீரலைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம். கல்லீரல் நாளங்களில் ஓட்டம் சீராக இருந்தது. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் சிறிய வேரிசிஸ் (புடைத்த நாளங்கள்).

திசு எடுக்கும் வழியையும் உடல் பரிசோதனைதான் தீர்மானித்தது. சுருங்கிய வலது மடல், நீளும் ரத்த உறைவு நேரம், குறைந்த தட்டணு, சிறிதளவு நீர் ஆகியவை இருக்கும்போது விலாவுக்கிடையே ஊசி செலுத்துவதைவிடக் கழுத்து நாளம் வழியாக எடுப்பது பாதுகாப்பு. அப்படியே எடுத்தோம். போர்ட்டல் பகுதியின் விளிம்பைக் கடித்துத் தின்னும் அழற்சி, கூட்டமாக பிளாஸ்மா செல்கள், ரோஜா இதழ் போல அமைந்த கல்லீரல் செல்கள், முடிச்சுகளைச் சுற்றி நார்த்திசு. 2008-இல் வந்த எளிய மதிப்பெண் முறையில் ஆன்டிபாடிக்கு 2, ஐஜிஜிக்கு 2, திசுவுக்கு 2, வைரஸ் இல்லாததற்கு 2 என்று மொத்தம் 8. ஏழு இருந்தாலே உறுதி.

சிகிச்சை

இங்கேதான் நோயின் வயது நேரடியாக மருந்துச் சீட்டில் இறங்குகிறது. பக்கவிளைவு குறைந்த ஸ்டீராய்டு என்று புடெசொனைடைச் சிலர் விரும்புவார்கள். அது பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணமே, குடலிலிருந்து வரும் மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடுவதுதான். சிரோசிஸில் ரத்தம் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போவதால் அந்த வசதி இல்லாமல் போகிறது. ஆகவே சிரோசிஸில் புடெசொனைட் கூடாது. "அக்யூட் ஹெபடைடிஸ்" என்ற பெயரை அப்படியே நம்பியிருந்தால் இந்தத் தவறு நடந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

வழக்கமான ஸ்டீராய்டான பிரெட்னிசொலோன் 40 மி.கி. தொடங்கினோம். பிலிருபின் 6-க்கு மேல் இருக்கும்போது, நோயெதிர்ப்பை அடக்கும் அசதையோபிரின் தொடங்க அவசரப்படவில்லை. அந்த நிலையில் மருந்தினால் வரும் கல்லீரல் பாதிப்பையும் நோயையும் பிரித்தறிய முடியாது. மூன்றாவது வாரம் பிலிருபின் 3.8-க்கு இறங்கியதும், அந்த மருந்தைச் சிதைக்கும் நொதியான டிபிஎம்டி அளவு இயல்பு என்று தெரிந்த பின், அசதையோபிரின் 50 மி.கி. சேர்த்தோம். கால்சியம், வைட்டமின் டி, தடுப்பூசிகள் ஆரம்பத்திலேயே. வேரிசிஸுக்கான பீட்டா தடுப்பான் மருந்தை, அழற்சி அடங்கி ரத்த அழுத்தம் நிலையான பிறகு தொடங்கினோம். குழந்தை பற்றிய பேச்சையும் முதல் மாதத்திலேயே எடுத்தோம். நோய் அடங்கினால் மாதவிடாய் திரும்பும், கருத்தரிக்கவும் வாய்ப்பு உண்டு என்பதை அவர் மருத்துவரிடமிருந்துதான் முதலில் கேட்க வேண்டும்.

தொடர் பரிசோதனையில் மாறியவையும் மாறாதவையும்

நான்காம் வாரம் ஏஎல்டி 118. ஆறாம் மாதம் ஏஎஸ்டி, ஏஎல்டி, ஐஜிஜி மூன்றும் இயல்பு. விரல் வலி இரண்டாவது வாரத்திலேயே போய்விட்டது, மஞ்சள் மறைவதற்கு வெகு முன்பே. ஐந்தாம் மாதம் மாதவிடாய் திரும்பியது. ஒன்பது சிலந்திப் புள்ளிகளில் நான்கு மங்கின; உள்ளங்கைச் சிவப்பு குறைந்தது. மண்ணீரல் அதே 2 செ.மீ. அல்புமின் 3.8, தட்டணு 1,10,000. வெண்படை அப்படியே.

இதற்கிடையில் உடலில் புதிய அடையாளங்கள் சேர்ந்தன: கன்னம் உப்பல், முதுகில் பரு, தொடையில் ஊதாக் கோடுகள். இவை மருந்தின் வேலை. முகம் உப்பியதைப் பார்த்து "உடம்பு தேறிவிட்டது" என்று உறவினர்கள் மகிழ்ந்தார்கள். எடையை மட்டும் எழுதிவைக்கும் மருத்துவரும் அப்படி ஏமாறலாம். வயிறு பெருத்ததா என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் தட்டிப் பார்த்தே பதில் எழுதினோம், ஏனெனில் ஸ்டீராய்டு கொழுப்பும் வயிற்று நீரும் ஒரே இடத்தில்தான் சேர்கின்றன. பிரெட்னிசொலோன் 5 மி.கி.க்குக் குறைந்த பிறகு முகம் பழைய நிலைக்கு வந்தது.

அழற்சி அடங்கினாலும் சிரோசிஸ் இருக்கிறது. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் புற்றுக்கான அல்ட்ராசவுண்டும், இடைவெளி விட்டு எண்டோஸ்கோப்பியும் தொடர்கின்றன. மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது என்றும், விரல்கள் காலையில் மறுபடி மடங்க மறுத்தால் மஞ்சளுக்காகக் காத்திருக்காமல் அந்த வாரமே ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.